வாயிலுள்ள பாக்டீரியா சமநிலையும் உடல்நலமும்: முழுமையான வழிகாட்டி

பல் துலக்கித் துப்பும்போது நுரை இளஞ்சிவப்பாக இருந்தால், பிரஷ் குத்திவிட்டது என்று நினைத்து வாயைக் கொப்பளித்துவிட்டுப் போகிறவர்களே அதிகம். நன்றாக இருக்கும் ஈறு, மென்மையான பிரஷ் பட்டுக் கசியாது. கசிகிறதென்றால், பல்லுக்கும் ஈறுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் பாக்டீரியா தேங்கி, ஈறின் உட்புறத் தோல் நைந்து, அடியிலுள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் திறந்து கிடக்கின்றன என்று பொருள். முற்றிய ஈறு நோய் உள்ளவருக்கு இப்படிப் புண்ணான பரப்பை எல்லாப் பற்களையும் சுற்றிக் கூட்டினால் 8 முதல் 20 சதுர செ.மீ. வரை வரலாம் என்பது ஒரு மதிப்பீடு. அவ்வளவு பெரிய புண் முழங்கையில் இருந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பார்ப்போம். வாய்க்குள் இருப்பதால் வருடக்கணக்கில் விட்டுவிடுகிறோம்.

வாய்க்கும் மற்ற உறுப்புகளுக்கும் உள்ள தொடர்பு பற்றி இன்று நிறையப் பேசப்படுகிறது. அதில் உறுதியானது எது, இன்னும் ஆராய்ச்சி நிலையிலேயே இருப்பது எது, தினமும் நாம் செய்யக்கூடியது எது என்று பிரித்துப் பார்ப்போம்.

வாயில் குடியிருப்பவை

மனித வாயில் இதுவரை 700-க்கும் மேற்பட்ட பாக்டீரியா இனங்கள் கண்டறியப்பட்டுள்ளன. ஒருவர் வாயில் இவை எல்லாமே இருக்காது. பொதுவாக 100 முதல் 200 இனங்கள் இருக்கும். ஒரு மில்லிலிட்டர் எச்சிலில் மட்டும் சுமார் 10 கோடி பாக்டீரியா. 1683-ல் டச்சுக்காரர் லேவன்ஹூக், பல்லிடுக்கிலிருந்து சுரண்டிய வெள்ளைப் பொருளைத் தானே செய்த லென்ஸில் பார்த்து, அதில் நெளிந்தவற்றைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். மனித உடலில் வாழும் பாக்டீரியாவைப் பற்றிய முதல் பதிவுகளில் அது ஒன்று.

இவற்றில் பெரும்பாலானவை நமக்கு எதிரி இல்லை. பல் துலக்கிய சில நிமிடங்களிலேயே எச்சிலிலுள்ள புரதங்கள் பல்லின்மேல் மெல்லிய படலமாகப் படிகின்றன. அதில் முதலில் வந்து ஒட்டுபவை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சாங்குவினிஸ் போன்ற சாதுவான இனங்கள். சாங்குவினிஸ் ஹைட்ரஜன் பெராக்சைடை வெளியிட்டு, சொத்தையை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ம்யூட்டன்ஸை அடக்கி வைக்கிறது. நாக்கின் பின்பகுதியில் வாழும் வேறு சில இனங்கள் ரத்த அழுத்தத்தைச் சீராக வைக்க உதவுகின்றன. அதைப் பின்னால் பார்ப்போம். ஆகவே வாயிலுள்ள எல்லாவற்றையும் கொல்ல வேண்டும் என்ற விளம்பர வாசகம் அடிப்படையிலேயே தவறு.

படலத்தைக் கலைக்காமல் விட்டால் அது தடிக்கும். உள்ளே ஆக்சிஜன் குறையும். ஃப்யூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம் என்ற நீளமான பாக்டீரியா, முன்னால் வந்தவற்றையும் பின்னால் வரப்போகிறவற்றையும் பிடித்து இணைக்கும் பாலமாகிறது. அதைப் பிடித்துக்கொண்டு, ஆக்சிஜன் ஆகாத போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ், டானெரெல்லா ஃபார்சிதியா, ட்ரெபோனிமா டென்டிகோலா என்ற மூன்றும் ஈறின் அடியில் இடம்பிடிக்கின்றன. முற்றிய ஈறு நோயில் அடிக்கடி சேர்ந்தே காணப்படும் கூட்டணி இது.

இதற்கு எத்தனை நாள் ஆகும்? 1965-ல் ஹரால்ட் லோ என்ற ஆய்வாளர், ஈறு நன்றாக இருந்த இளைஞர்களைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார். 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கிக் கசியத் தொடங்கியது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் சுமார் ஒரு வாரத்தில் சரியானது. ஈறு அழற்சி இந்தக் கட்டத்தில் முழுமையாகத் திரும்பக்கூடியது. பல்லைத் தாங்கும் எலும்பு கரையத் தொடங்கிவிட்டால் நோயை நிறுத்தலாம். போன எலும்பு பெரும்பாலும் திரும்பாது.

சமநிலை குலையும் இரண்டு திசைகள்

ஒன்று அமிலத் திசை. இனிப்பு வாயில் பட்ட சில நிமிடங்களில் பற்படலத்தின் பிஹெச் அளவு (குறையக் குறைய அமிலம் அதிகம் என்று காட்டும் எண்) சரிகிறது. 5.5-க்குக் கீழே போனால் எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். எச்சில் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர 30 முதல் 60 நிமிடங்கள் பிடிக்கும். அதற்குள் இன்னொரு வாய் இனிப்பு உள்ளே போனால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. ஒரு நாளில் அமில நேரம் நீள நீள, அமிலத்தைத் தாங்கும் இனங்கள் பிழைக்கின்றன, தாங்காதவை ஒதுங்குகின்றன. ம்யூட்டன்ஸுக்கு இன்னொரு வசதி உண்டு: சாதாரணச் சர்க்கரையிலிருந்து பிசின் போன்ற குளூக்கனைத் தயாரித்துப் பல்லில் பசை போட்டு ஒட்டிக்கொள்ளும்.

மற்றொன்று அழற்சித் திசை. இங்கே சர்க்கரைக்கு அதிக வேலையில்லை. ஈறு வீங்கியதும் இடுக்கில் ஒரு திரவம் அதிகமாகக் கசிகிறது. அதில் புரதம் உண்டு, ரத்தத்திலிருந்து வரும் இரும்பும் உண்டு. ஜிஞ்சிவாலிஸ் வளர வேண்டியது இதுதான். அழற்சி பாக்டீரியாவுக்குத் தீனி போடுகிறது, பாக்டீரியா அழற்சியைக் கூட்டுகிறது. எலிகளில் நடத்திய ஆய்வுகளில் ஒரு விசித்திரம் தெரிந்தது. ஜிஞ்சிவாலிஸ் மிகக் குறைந்த எண்ணிக்கையில் இருந்தாலே வாயிலுள்ள மற்ற பாக்டீரியாவின் அளவும் கலவையும் மாறி எலும்பு கரைந்தது. வேறு பாக்டீரியாவே இல்லாத எலிகளில் அதைத் தனியாக விட்டபோது எலும்பு கரையவில்லை. குற்றவாளி ஒரு கிருமி இல்லை, மொத்தக் குடியிருப்பின் போக்கு என்று ஆய்வாளர்கள் சொல்வது இதனால்தான்.

ஆன்டிபயாட்டிக் மாத்திரை மட்டும் போட்டு ஈறு நோயைத் தீர்க்க முடியாததற்குக் காரணமும் இதில் இருக்கிறது. பிசுபிசுப்பான படலத்துக்குள் பாதுகாப்பாக இருக்கும் பாக்டீரியா, தனித்து மிதக்கும் பாக்டீரியாவைவிட மருந்தை வெகுவாகத் தாங்கும். படலத்தைக் கையால் கலைத்தே ஆக வேண்டும்.

வாயிலிருந்து உடலுக்குப் போகும் வழிகள்

ரத்த வழி: ஈறு புண்ணாக இருப்பவர் மென்றாலும் துலக்கினாலும் கொஞ்சம் பாக்டீரியா ரத்தத்தில் நுழையும். ஆரோக்கியமானவர் உடல் சில நிமிடங்களில் அதைத் துடைத்தெடுத்துவிடும். கூடவே, ஈறில் உருவாகும் அழற்சி வேதிப்பொருட்கள் ரத்தத்தில் சேர்ந்து கல்லீரலைத் தூண்டுவதால் சிஆர்பி என்ற அழற்சிக் குறியீடு கூடுகிறது.

மூச்சு வழி: தூக்கத்தில் எல்லோருக்கும் சிறிதளவு எச்சில் நுரையீரலுக்குள் இறங்குகிறது. இருமும் சக்தி குறைந்த முதியவர்களுக்கும், பக்கவாதத்தால் விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கும் இதுதான் ஆபத்து.

குடல் வழி: நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் எச்சில் சுரக்கிறது, ஏறக்குறைய எல்லாவற்றையும் விழுங்குகிறோம். இரைப்பை அமிலம் பெரும்பாலான பாக்டீரியாவைக் கொன்றுவிடுகிறது. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளை எடுத்துக்கொள்கிறவர்களின் குடலில் வாய் பாக்டீரியா கூடுதலாகக் காணப்படுகிறது.

எந்த நோய்க்கு எவ்வளவு ஆதாரம்

இங்கே நிதானம் தேவை, ஏனென்றால் மருத்துவம் ஒரு முறை இதே விஷயத்தில் தடுக்கி விழுந்திருக்கிறது. 1890-களில் தொடங்கி, பல்லிலுள்ள சீழே எல்லா நோய்க்கும் மூலம் என்ற கொள்கை பரவியது. மூட்டு வலிக்கும் மனநோய்க்கும்கூட நல்ல பற்களைக் கூட்டமாகப் பிடுங்கினார்கள். பிடுங்கியும் நோய் தீராததால் 1930-களுக்குப் பிறகு அந்தக் கொள்கை செல்வாக்கிழந்தது. இன்றைய ஆராய்ச்சி அதைவிடத் தரமானது என்றாலும், இரண்டு விஷயங்கள் சேர்ந்து காணப்படுவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது.

சர்க்கரை நோய். ஆதாரம் வலுவாக இருப்பது இங்கேதான். தொடர்பு இரு வழியாகவும் ஓடுகிறது. ரத்தச் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ஈறு நோய் வேகமாக முற்றும். ஈறு அழற்சி இன்சுலின் வேலையைக் கெடுத்துச் சர்க்கரையைக் கூட்டும். ஈறின் அடிவரை முறையாகச் சுத்தம் செய்த பிறகு 3–4 மாதங்களில் ஹெச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) சராசரியாகச் சுமார் 0.4 புள்ளி குறைவதாகப் பல சோதனைகளைத் தொகுத்த மதிப்பாய்வுகள் காட்டுகின்றன. கூடுதலாக ஒரு மாத்திரை சேர்த்தால் கிடைக்கும் பலனுக்கு ஓரளவு பக்கத்தில் வரும் அளவு இது. மருந்துக்கு மாற்று இல்லை. ஆனால் மருந்து போட்டும் சர்க்கரை இறங்காதவர் ஈறைக் காட்டாமல் இருப்பது சரியில்லை.

இதயம். இரண்டைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இதய வால்வில் கிருமி தொற்றும் எண்டோகார்டைடிஸுக்கு வாயிலுள்ள ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இனங்கள் நேரடிக் காரணமாக இருக்கின்றன. இதில் சந்தேகமே இல்லை. மாரடைப்புக்குக் காரணமான ரத்தக் குழாய் அடைப்பு வேறு கதை. ஈறு நோய் உள்ளவர்களிடம் அது அதிகம், அடைப்புப் படிவுகளில் வாய் பாக்டீரியாவின் டிஎன்ஏவும் கிடைத்திருக்கிறது. ஆனாலும், தொடர்பு உண்மை, காரணம் என்று நிரூபணமாகவில்லை என்பதே 2012-ல் அமெரிக்க இதயச் சங்கம் வெளியிட்ட நிலைப்பாடு. 2007-ல் வெளியான ஒரு சோதனை கவனிக்க வேண்டியது: முற்றிய ஈறு நோய்க்குத் தீவிர சிகிச்சை தந்த மறுநாள் ரத்தக் குழாய்களின் விரியும் திறன் தற்காலிகமாக மோசமானது, 6 மாதம் கழித்து, வழக்கமான எளிய சுத்தம் மட்டும் பெற்றவர்களைவிட நன்றாக இருந்தது. மறுநாள் மோசமானதற்குக் காரணம், சுத்தம் செய்யும்போது கிளம்பும் திடீர் அழற்சி.

நுரையீரல். முதியோர் இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் வாயைத் தினமும் சுத்தம் செய்தால் நிமோனியா குறையும் என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. செலவு குறைவு, பலன் அதிகம், அதிகம் கண்டுகொள்ளப்படாத விஷயம்.

ரத்த அழுத்தம். இங்கே பாக்டீரியா நம் பக்கம். கீரை, பீட்ரூட் போன்றவற்றிலுள்ள நைட்ரேட் குடலில் உறிஞ்சப்பட்டு, அதில் சுமார் கால்பங்கு எச்சில் சுரப்பிகள் வழியாகத் திரும்ப வாய்க்கு வருகிறது. நாக்கிலுள்ள வெய்லோனெல்லா, நைசீரியா, ரோத்தியா போன்றவை அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதை விழுங்கியதும் உடல் நைட்ரிக் ஆக்சைடாக்கி ரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது. நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றும் திறன் நம் செல்களுக்கு மிகக் குறைவு. ஒரு சிறிய ஆய்வில், ஆரோக்கியமானவர்கள் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி மவுத்வாஷை ஒரு வாரம் பயன்படுத்தியபோது ரத்த அழுத்தம் 2 முதல் 3.5 புள்ளிவரை ஏறியது.

கர்ப்பம். ஈறு நோய் உள்ள தாய்மார்களுக்குக் குறைப்பிரசவம் அதிகம் காணப்படுகிறது. ஆனால் கர்ப்ப காலத்தில் ஈறைச் சுத்தம் செய்ததால் குறைப்பிரசவம் குறைந்ததாகப் பெரிய சோதனைகள் காட்டவில்லை. சிகிச்சை பாதுகாப்பானது என்பதை அதே சோதனைகள் உறுதி செய்தன.

பெருங்குடல் புற்றுநோய்க் கட்டிகளில் ஃப்யூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம் இருப்பதை 2011–12-ல் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டன. அதில் ஒரு குறிப்பிட்ட கிளை மட்டும் கட்டிகளில் செழிப்பதாக 2024-ல் தெரிந்தது. பல் துலக்கினால் அந்தப் புற்றுநோயைத் தடுக்கலாம் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. அல்சைமர் விஷயத்தில் பரபரப்பு இன்னும் அதிகம். நோயாளிகளின் மூளையில் ஜிஞ்சிவாலிஸின் நச்சு நொதிகள் இருப்பதாக 2019-ல் ஓர் ஆய்வு சொன்னது. அந்த நொதியைத் தடுக்கும் மருந்தின் சோதனை 2021-ல் தன் முக்கிய இலக்கை எட்டவில்லை. முடக்குவாத மூட்டழற்சியிலும் தொடர்பு காணப்படுகிறது. மனிதப் புரதங்களை மாற்றியமைக்கும் நொதி ஒன்று ஜிஞ்சிவாலிஸிடம் உண்டு, அப்படி மாறிய புரதங்களையே அந்த நோயில் உடல் எதிரியாகப் பார்க்கிறது. இதைக் கோட்பாடு என்ற அளவில் வைத்துக்கொள்ளலாம்.

இனி, செய்ய வேண்டியவை.

படி 1: வீட்டிலேயே நிலையைக் கண்டறிதல்

நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று உதட்டை விலக்கிப் பாருங்கள். நல்ல ஈறு பல்லிடுக்கில் கூராக முடியும், பல்லோடு இறுக்கமாக ஒட்டியிருக்கும். நிறம் ஆளுக்கு ஆள் மாறும். ஈறில் இயல்பான கருமை இருப்பது நோயில்லை. விளிம்பு உருண்டு பளபளப்பாக இருப்பது, தொட்டால் கசிவது, அழுத்தினால் சீழ் வருவது, பல் நீண்டுவிட்டதுபோல் தெரிவது, முன்பற்களுக்கிடையே புதிதாக இடைவெளி விழுவது, பல் ஆடுவது ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

புகைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. புகையிலை ஈறில் கசிவை மறைத்துவிடும். கசியவில்லை என்பதை வைத்து ஈறு நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்ட வேண்டாம். புகைப்பதை விட்ட சில வாரங்களில் கசிவு திடீரென்று தெரிந்தால், மறைந்திருந்தது வெளியே வந்திருக்கிறது.

வாய் அடிக்கடி வறண்டால் எச்சிலையும் அளக்கலாம். ஒரு மணி நேரம் எதுவும் உண்ணாமல் குடிக்காமல் இருந்து, 15 நிமிடங்கள் அசையாமல் உட்கார்ந்து, ஊறும் எச்சிலை அளவுக் குவளையில் துப்பிக்கொண்டே வாருங்கள். நுரையை விட்டுத் திரவத்தை மட்டும் பாருங்கள். 1.5 மி.லி. அல்லது அதற்கும் குறைவாக இருந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய அளவு.

படி 2: பல் மருத்துவரிடம் எண்களைக் கேட்டு வாங்குதல்

ஈறு இடுக்கின் ஆழத்தை அளவுகோடு போட்ட மெல்லிய கம்பியால் ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடங்களில் அளப்பார்கள். 1–3 மி.மீ. இயல்பு. 4 மி.மீ. முதல், ஈறு பல்லைவிட்டு விலகிப் பை விழுந்த கணக்கு, 6 மி.மீ. தாண்டினால் ஆழமான பை, அங்கே பிரஷ் எட்டாது. மொத்த இடங்களில் 10 சதவீதத்துக்கும் குறைவாகக் கசிந்தால் நல்ல ஈறு. இந்த அளவுகளின் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பார்ப்பதற்குப் பரவாயில்லை என்ற பதிலை வைத்து அடுத்த வருடம் எதையும் ஒப்பிட முடியாது.

காரை (கல்லாக இறுகிய பற்படலம்) படிந்திருந்தால் அதை வீட்டில் எடுக்க முடியாது, ஸ்கேலிங் (பல் மருத்துவர் கருவியால் அதை அகற்றுவது) வேண்டும். ஆழமான பை இருந்தால் மரத்துப்போகச் செய்து, பல் வேரின் மேற்பரப்பையும் சுத்தம் செய்வார்கள். ஸ்கேலிங் செய்தால் பல் ஆடிவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு. உண்மையில் நடப்பது இதுதான்: எலும்பு ஏற்கெனவே கரைந்திருக்கும், அந்த இடத்தைக் காரையும் வீங்கிய ஈறும் அடைத்துக்கொண்டிருக்கும். காரை போய் வீக்கம் வற்றியதும் இடைவெளி கண்ணுக்குத் தெரியும். சில வாரங்கள் குளிர்ந்த நீர் பட்டால் கூசும்; கூச்சத்துக்கான பற்பசையைக் கூசும் இடத்தில் விரலால் தடவினால் அடங்கும்.

சுமார் மூன்று மாதம் கழித்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள். இந்த மறு அளவைத் தவிர்ப்பதால்தான் பல பேருக்குச் சிகிச்சை பாதியில் நிற்கிறது. பிறகு நோயின் தீவிரத்தைப் பொறுத்து 3 முதல் 6 மாதத்துக்கு ஒரு முறை.

படி 3: துலக்கும் முறை

மென்மையான முடி, சிறிய தலை உள்ள பிரஷ். பெரியவர்களுக்கு 1,000 முதல் 1,500 பிபிஎம் ஃப்ளூரைடு உள்ள பற்பசை, குழாயில் அச்சிட்டிருக்கும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரிசி மணி அளவு, 3–6 வயதுக்குப் பட்டாணி அளவு.

முடியை ஈறு விளிம்பை நோக்கி 45 டிகிரி சாய்த்து வையுங்கள். பாதி முடி பல்லிலும் பாதி ஈறிலும் படிய வேண்டும். அதே இடத்தில் லேசாக அதிரும்படி பத்து முறை ஆட்டிவிட்டு, பல்லின் நுனியை நோக்கி உருட்டி எடுங்கள். ஒரு நேரத்தில் இரண்டு மூன்று பற்களுக்கு மேல் எடுக்க வேண்டாம். வெளிப்பக்கம் முடித்து உள்பக்கம், பிறகு கடிக்கும் பக்கம். கீழ் முன்பற்களின் உள்பக்கத்தில் பிரஷைச் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். எச்சில் சுரப்பி அங்கே திறப்பதால் காரை முதலில் படிவது அங்குதான். மொத்தம் இரண்டு நிமிடம், நாளுக்கு இரு முறை, அதில் ஒன்று படுக்கைக்குப் போகும் முன். இரவில் எச்சில் வெகுவாகக் குறைவதால் அந்த ஒன்றைத் தவறவிடக் கூடாது.

முடித்ததும் துப்புங்கள், கொப்பளிக்க வேண்டாம். கொப்பளித்தால் ஃப்ளூரைடு போய்விடும். பிரஷ் முடி மூன்று மாதத்துக்குள் வெளிப்பக்கம் விரிந்துவிட்டால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம். ஈறு இறங்குவதற்கும், பல் கழுத்தில் பள்ளம் விழுவதற்கும் அந்த அழுத்தம் ஒரு காரணம். மின்சார பிரஷ் என்றால் தேய்க்க வேண்டாம்; ஒவ்வொரு பல்லிலும் வைத்து நகர்த்தினால் போதும்.

படி 4: பல்லிடுக்கு

பிரஷ் எவ்வளவு நன்றாகப் பிடித்தாலும் பல்லும் பல்லும் தொடும் பக்கத்தில் நுழையாது. ஈறு நோய் பெரும்பாலும் தொடங்குவது அங்கேதான். இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் புதிதாகத் தொடங்க முடியுமென்றால் இதைத் தொடங்குங்கள்.

இடைவெளி இருந்தால் இடுக்குப் பிரஷ். முடி இரு பக்கமும் உரச வேண்டும், நடுக்கம்பி பல்லில் படக் கூடாது. அதுதான் சரியான அளவு. முன்பல்லுக்கு ஒன்று, கடைவாய்க்கு ஒன்று என இரண்டு அளவுகள் தேவைப்படலாம். பசை வேண்டாம். உள்ளே விட்டு இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் இழுங்கள். முறுக்கித் திணித்தால் கம்பி வளைந்து ஈறைக் கிழிக்கும்.

நெருக்கமான பற்களுக்கு ஃப்ளாஸ் நூல். சுமார் 45 செ.மீ. எடுத்து இரு நடுவிரல்களிலும் சுற்றி, இடையில் இரண்டு மூன்று செ.மீ. மட்டும் விடுங்கள். ரம்பம் அறுப்பதுபோல் மெதுவாக ஆட்டி இறக்கி, ஒரு பல்லை அரைவட்டமாக அணைத்து ஈறின் கீழ்வரை மேலும் கீழும் வழியுங்கள். பிறகு பக்கத்துப் பல்லுக்கு அதே வேலை. நேராக இறக்கி நேராக எடுத்தால் உணவுத் துணுக்கு வரும், படலம் வராது.

தொடங்கிய முதல் வாரம் நிறையக் கசியும். அங்கேதான் பாதிப் பேர் பயந்து நிறுத்துகிறார்கள். தினமும் தொடர்ந்தால் ஒன்று இரண்டு வாரத்தில் கசிவு வெகுவாகக் குறையும். இரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் ஒரே இடத்தில் கசிந்துகொண்டே இருந்தால், அங்கே காரையோ, பையோ, சொத்தைக்குப் போட்ட, விளிம்பு சரியில்லாத அடைப்போ இருக்கும்.

படி 5: நாக்கு, இனிப்பு, எச்சில்

வாய் நாற்றத்தில் பெரும்பகுதி வாயிலிருந்தே வருகிறது. நாக்கின் பின்பகுதியிலுள்ள பாக்டீரியா வெளியிடும் கந்தக வாயுக்கள் முக்கியக் காரணம். நாக்கு வழிப்பானைப் பின்னாலிருந்து முன்னால் லேசாக மூன்று நான்கு முறை இழுத்தால் போதும். சிவந்து எரியும்வரை சுரண்டினால் நைட்ரேட்டை மாற்றும் நல்ல பாக்டீரியாவுக்கும் கெடுதல்.

இனிப்பில் எத்தனை கிராம் என்பதைப் போலவே எத்தனை முறை என்பதும் முக்கியம். ஒரு இனிப்பைச் சாப்பாட்டோடு முடித்துவிடுவது, அதையே மூன்று மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறிப்பதைவிடப் பல்லுக்கு நல்லது. சர்க்கரை போட்ட டீயை மேசையில் வைத்து ஒரு மணி நேரம் உறிஞ்சுவது, அளவு குறைவாக இருந்தும், மோசமான பழக்கம். சேர்க்கும் சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள், முடிந்தால் 5 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். புளிப்பான பானம் குடித்தாலோ வாந்தி எடுத்தாலோ உடனே துலக்க வேண்டாம். மெத்தென்று ஆன எனாமல் தேய்ந்துவிடும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்து கொப்பளித்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத் துலக்குங்கள்.

எச்சில் குறைந்தால் மேலே சொன்ன எதுவும் முழுப் பலன் தராது. அலர்ஜி மாத்திரைகள், மன அழுத்தத்துக்கான சில மருந்துகள், சிறுநீர் பெருக்கிகள், சிறுநீர்ப்பைக்கான சில மருந்துகள் எல்லாம் வாயை உலர்த்தும். நீங்களாக நிறுத்தாதீர்கள், மாற்று உண்டா, வேளையை மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சாப்பிட்ட பின் சர்க்கரையில்லாத சூயிங்கம்மை 10–20 நிமிடம் மென்றால் எச்சில் நன்றாகச் சுரக்கும். சைலிட்டால் கலந்தது இன்னும் நல்லது, ம்யூட்டன்ஸால் அதை அமிலமாக்க முடியாது. வீட்டில் நாய் இருந்தால் அதற்கு எட்டாத இடத்தில் வையுங்கள். சைலிட்டால் நாய்க்கு விஷம். இரவில் வாய் வழியாக மூச்சு விடுகிறவர் மூக்கடைப்பைக் கவனிக்க வேண்டும்.

படி 6: மவுத்வாஷை அளவோடு

குளோர்ஹெக்சிடின் ஒரு மருந்து. அறுவைக்குப் பின், கடுமையான ஈறு அழற்சியில், துலக்கவே முடியாத நாட்களில் அதற்கு வேலை உண்டு. 0.2 சதவீதக் கரைசல் என்றால் 10 மி.லி., 30 விநாடி, நாளுக்கு இரு முறை, பொதுவாக இரண்டு வாரத்துக்கு மேல் வேண்டாம். நீடித்தால் பல்லில் பழுப்புக் கறை படியும், ருசி மாறும், காரை கூடும். பற்பசையிலுள்ள நுரைப்பொருள் இதன் வேலையைக் கெடுக்கும் என்பதால், துலக்கி அரை மணி நேரம் இடைவெளி விடுங்கள். காரணமில்லாமல் தினசரி கிருமிநாசினி மவுத்வாஷ் தேவையில்லை. சொத்தை அதிகம் வருகிறவர்கள் ஃப்ளூரைடு மவுத்வாஷைப் பல் துலக்காத ஒரு வேளையில் பயன்படுத்தலாம்.

வாய் பாக்டீரியாவைப் பட்டியலிடும் பரிசோதனைகள் விற்பனைக்கு வருகின்றன. வரும் பட்டியலை வைத்துச் சிகிச்சையை மாற்ற இன்று ஒப்புக்கொள்ளப்பட்ட அளவுகோல் எதுவும் இல்லை. அந்தப் பணத்துக்கு ஒரு ஸ்கேலிங் செய்துகொள்ளலாம். வாய்க்கான ப்ரோபயாட்டிக் (நல்ல பாக்டீரியா அடங்கிய) மாத்திரைகளில் சிலவற்றுக்குச் சிறு பலன் உண்டு, நிறுத்தினால் அந்த பாக்டீரியா தங்குவதில்லை. கரித்தூள் பற்பொடி பல்லைத் தேய்க்கும், அவ்வளவுதான்.

தனிக் கவனம் தேவைப்படுகிறவர்கள்

செயற்கை வால்வு உள்ளவர்கள், முன்பு எண்டோகார்டைடிஸ் வந்தவர்கள், சில வகைப் பிறவி இதயக் குறை உள்ளவர்கள் ஈறில் கைவைக்கும் சிகிச்சைக்கு முன் ஆன்டிபயாட்டிக் எடுக்க வேண்டும். வழக்கமாகப் பெரியவர்களுக்கு 2 கிராம் அமாக்ஸிசிலின், 30 முதல் 60 நிமிடம் முன்னதாக. பென்சிலின் ஒவ்வாதவர்களுக்கு வேறு மருந்து. எது, எப்போது என்பதை இதய மருத்துவரும் பல் மருத்துவருமே முடிவு செய்வார்கள். இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் மட்டும் வைத்தவர்களுக்கு இது பொதுவாகத் தேவைப்படாது.

எலும்புத் தேய்வுக்கும் புற்றுநோய்க்கும் தரும் சில மருந்துகள் தாடை எலும்பு ஆறுவதைக் கெடுக்கும். பல் பிடுங்கும் வேலை இருந்தால் மருந்து தொடங்கும் முன் முடித்துவிட வேண்டும். ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுத்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்பாவிட்டால் நாக்கில் வெள்ளைப் பூஞ்சை படியலாம். அம்லோடிபின், ஃபெனிடாய்ன் போன்ற மருந்துகளால் சிலருக்கு ஈறு தடித்து வளரும். கர்ப்பிணிகள் சுத்தம் செய்துகொள்ள 4 முதல் 6-ம் மாதம்வரை வசதியான காலம். வலியும் வீக்கமும் இருந்தால் எந்த மாதத்திலும் காத்திருக்க வேண்டாம். பல் செட்டை இரவில் கழற்றிவிட வேண்டும். அதைப் பற்பசையால் தேய்த்தால் கீறல் விழும், கீறலில் பூஞ்சை தங்கும். மென்மையான பிரஷும் பாத்திரம் கழுவும் திரவமும் போதும்.

படுத்த படுக்கையாக இருப்பவருக்கு வாய் சுத்தம் செய்வதுதான் நிமோனியாவைத் தள்ளி வைக்கும் வேலை. தலைப்பக்கத்தைக் குறைந்தது 30 டிகிரி உயர்த்துங்கள். முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பல் செட் இருந்தால் முதலில் கழற்றுங்கள். உலர்ந்த உதட்டில் மாய்ஸ்சரைசர் தடவினால் வெடிக்காது. பிரஷைத் தண்ணீரில் நனைத்து உதறி, பட்டாணியில் பாதி அளவு நுரைக்காத பற்பசை போதும். பின்னாலிருந்து முன்னால் துலக்கி, ஒவ்வொரு பகுதி முடிந்ததும் விரலில் சுற்றிய ஈரத் துணியால் நுரையைத் துடைத்தெடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. மேலண்ணத்தில் காய்ந்து ஒட்டிய சளியைப் பிய்க்காமல், ஈரத்துணியைச் சில நிமிடம் வைத்து ஊறவைத்து எடுங்கள். முடித்த பிறகும் சிறிது நேரம் தலையை உயர்த்தியே வைத்திருங்கள்.

உடனே போக வேண்டியவை

தாடைக்கடியில் கெட்டியான வீக்கம், வாயைத் திறக்க முடியாமை, எச்சில்கூட விழுங்க முடியாமை, குரல் மாறுதல், மூச்சுத் திணறல்: இவற்றில் எது பல் வலியோடோ காய்ச்சலோடோ சேர்ந்து வந்தாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், காலைவரை பொறுக்க வேண்டாம். இதய வால்வுப் பிரச்சினை உள்ளவருக்குப் பல் சிகிச்சைக்குப் பின் சில வாரங்களில் காரணம் தெரியாத காய்ச்சல் தொடர்ந்தால், ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன் ரத்தத்தில் கிருமி வளர்ப்புப் பரிசோதனை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். மாத்திரை போட்டுவிட்டால் கிருமி எதுவென்று பிடிபடாமல் போய்விடலாம். மூன்று வாரம் தாண்டியும் ஆறாத வாய்ப்புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு இருந்தால், வலிக்காவிட்டாலும் அந்த வாரத்திலேயே பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.